தொழுத் தண்ணீரில் யூக்ளினா: கசையிழை கண்ணில் பட்ட வழி

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் யூக்ளினா என்ற ஒரு செல் உயிரின் படம் பார்த்தவர்களுக்கு, அது நீந்தப் பயன்படுத்துகிற சாட்டை போன்ற கசையிழை ஞாபகம் இருக்கும். முன்முனையிலிருந்து தடிமனாக ஒரு கோடு கிளம்பி மேலே வளைந்து நிற்கும். நிஜ யூக்ளினாவை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பச்சை உடம்பு தெரியும், சிவப்புப் புள்ளி தெரியும், அந்தக் கோட்டை மட்டும் காணோம். உருப்பெருக்கம் போதவில்லை என்று நினைத்து நூறு எக்ஸ் எண்ணெய் லென்ஸுக்குக் காசு சேர்க்கிறவர்கள் உண்டு. அது வேண்டாம். 45 எக்ஸ் லென்ஸும் பத்து எக்ஸ் கண் லென்ஸும் உள்ள மாணவர் மைக்ராஸ்கோப்பே போதும். வெளிச்சத்தைக் குறைக்கத் தெரியணும், அந்த உயிரை நசுக்காமல் வைக்கத் தெரியணும், அவ்வளவுதான். நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் தண்ணீர். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கால்வாயில் ஓடுகிற தண்ணீரை மொண்டு வந்தால் ஒன்றும் தேறாது. சாணமும் மூத்திரமும் கலந்து, தேங்கி, வெயில் படுகிற தண்ணீர்தான் இதற்கு வீடு. மேலப்பாளையம் போகிற வழியில் கால்வாயை ஒட்டி ஒரு மாட்டுத்தொழு இருக்கிறது. கழனித் தொட்டி வழிகிற இடத்தில் சின்னப் பள்ளம். பிசானப் பருவ நெல் நடவு முடிந்து மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில் அடித்திருந்தது, பள்ளம் முழுக்கக் கிளிப்பச்சை. நூல்நூலாகப் பாசி என்று எதுவும் கையில் சிக்கவில்லை, தண்ணீரே பச்சையாக இருந்தது. இது நல்ல அடையாளம். தொழுக்கார ஆச்சி பார்த்துவிட்டு, "எய்யா, அந்தச் சாக்கடத் தண்ணிய எதுக்கு அள்ளுத?" என்றார். "இதுக்குள்ள உசுரு இருக்கு ஆச்சி, பாக்கத்தான்." "உசுரு எதுல இல்ல? கொசுவா இருக்கும். வீட்டுக்குள்ள வச்சிராத." கொசு விஷயத்தில் ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. பாட்டில் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டித்தான் கொண்டுவந்தேன், இன்று வரை அந்தத் துணி அவிழவில்லை.

எடுக்கும்போது பாட்டிலை நிரப்பாதீர்கள், பாதி போதும், மேலே காற்று வேண்டும். மூடியை இறுக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் வீட்டுக்கு வருவதற்குள் வெந்துவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைச் சொல்ல வேண்டியதில்லை, மாட்டுத்தொழுத் தண்ணீர் அது.

அடுத்தது மைக்ராஸ்கோப். பழைய சாமான் கடையில் வாங்கியது, பித்தளையும் இரும்புமாக நல்ல கனம். லென்ஸ்கள் நன்றாகவே இருந்தன. ஐரிஸ் டயாபிரம்தான் முழுக்கத் திறந்தபடி இறுகிப்போயிருந்தது. வெளிச்சத்தைக் குவித்து ஸ்லைடுக்கு அனுப்புகிற கண்டென்சர் லென்ஸுக்குக் கீழே, வெளிச்சம் வருகிற ஓட்டையைப் பெரிதாக்கிச் சிறிதாக்குகிற பாகம் அது. "எல்லாம் தெரியுதே, இது எதுக்கு" என்று விட்டுவிடத் தோன்றும். கசையிழை பார்க்க நினைக்கிறவர்களுக்கு மைக்ராஸ்கோப்பில் அதைவிட முக்கியமான பாகம் கிடையாது.

கழற்றிப் பார்த்தால் யாரோ ஒரு காலத்தில் கிரீஸ் தடவியிருக்கிறார்கள். அது காய்ந்து பழுப்பு அரக்காகி மெல்லிய எஃகு இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. இலைகளைப் பெட்ரோலில் ஊறவிட்டு (அடுப்படியில் வேண்டாம், மொட்டை மாடியில்) பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒவ்வொரு இலைக்கும் இரண்டு முனையிலும் ஒரு குட்டி ஆணி இருக்கும், ஒரு பக்கம் கீழ்ப்பார்த்தும் மறுபக்கம் மேல்பார்த்தும். கீழ் ஆணி அடி வளையத்தின் ஓட்டைக்குள் போகும், மேல் ஆணி சுழலும் வளையத்தின் பள்ளத்துக்குள் போகும். ஒன்றின் மேல் ஒன்றாக வட்டமாக அடுக்கிக்கொண்டே வரும்போது கடைசி இரண்டு மூன்று இலைகளின் நுனியை முதல் இலைக்கு அடியில் சொருக வேண்டும். அங்கேதான் பொறுமை போகும். ஒன்றைச் சொருகினால் எதிர்ப்பக்கம் ஒன்று எழுந்து நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, இடுக்கியால் செய்ய வேண்டிய வேலை. மறுபடி எண்ணெயோ கிரீஸோ போடவே கூடாது, உலர்ந்த இலைகள்தான் வழுக்கும். வேண்டுமானால் பென்சில் கரித்தூள் லேசாகத் தடவலாம்.

வெளிச்சத்தை மேலே திருப்புகிற அடிக் கண்ணாடியில் ரசம் உரிந்திருந்ததால் அதைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எல்இடி பல்பை வைத்து மேலே டிரேசிங் தாள் ஒட்டினேன். கண்ணாடியே நன்றாக இருந்தால் ஒன்று கவனியுங்கள்: கண்டென்சர் உள்ள மைக்ராஸ்கோப்பில் தட்டையான பக்கத்தைத் திருப்ப வேண்டும், குழிப்பக்கம் கண்டென்சர் இல்லாதவற்றுக்கு.

தண்ணீரில் யூக்ளினா மட்டும் இருக்காது. அதை மேய்கிற சிலியேட்டுகள், ரோட்டிஃபர் மாதிரி நுண்ணுயிர்கள், குட்டிப் புழுக்கள் எல்லாம் கூட வரும், அப்படியே விட்டால் ஒரு வாரத்தில் பச்சை போய்க் கலங்கல்தான் மிஞ்சும். அதனால் பிரித்து வளர்க்கணும். பிரிக்கிற வேலையை யூக்ளினாவே செய்துகொடுக்கும். பாட்டிலைக் கருப்புச் சார்ட் தாளில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் ஒல்லியாக ஒரு பிளவு விட்டு, ஜன்னலோரம் நேர் வெயில் படாமல் வைத்தேன். சாயங்காலம் தாளை உருவினால் பிளவு இருந்த இடத்தில் கண்ணாடியை ஒட்டி ஒரு பச்சைக் கோடு. இங்க் ஃபில்லரால் அந்தக் கோட்டை மட்டும் உறிஞ்சி வேறு பாட்டிலுக்கு மாற்றி, அங்கேயும் இதையே திரும்பச் செய்தால் கூட்டாளிகள் குறைந்துகொண்டே வருவார்கள்.

வேறு பாட்டில் என்றேனே, அதில் இருப்பது மண்-தண்ணீர். ஆல்கா வளர்ப்பில் பேர்போன பிரிங்ஸ்ஹைம் என்ற ஆய்வாளர் பரப்பிய பழைய முறை. பாட்டிலின் அடியில் கால் பட்டாணி, அதன்மேல் ஒரு விரல் தடிமனுக்கு மண், அதற்கு மேல் தண்ணீர், அப்புறம் இட்லிப் பானையில் அடுத்தடுத்து இரண்டு நாள் நன்றாக ஆவி காட்டி ஆறவைக்க வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் படாத மண் வேண்டும். வயல் மண்ணை நம்பாமல் ஆற்றங்கரைப் பழைய வண்டலை எடுத்தேன். கரிசல் மண்ணிலும் ஒன்று போட்டேன், அது தெளியவே மாட்டேன் என்கிறது. பட்டாணி அடியில் மெதுவாக அழுகி உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், பாக்டீரியா பெருகும். பாக்டீரியா பெருகுவதும் நல்லதுதான். பசுங்கணிகம் (குளோரோபிளாஸ்ட்) வைத்துக்கொண்டு வெயிலில் சமைக்கிற யூக்ளினா கிராசிலிஸ் என்ற வகைக்கே வைட்டமின் பி12 வெளியிலிருந்து வந்தாக வேண்டும், அதைத் தயாரிக்கிறது பாக்டீரியா. பி12 அளவை அளக்க ஆய்வகங்களில் யூக்ளினாவையே ஒரு கருவியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சாணப் பள்ளத்தை அது ஏன் விடமாட்டேன் என்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, ஸ்லைடுக்கு வருவோம். ஒரு துளி வைத்து, கவர் ஸ்லிப்பை அப்படியே மேலே போட்டு ஓரத் தண்ணீரைத் தாளால் உறிஞ்சுவதுதான் வழக்கம். யூக்ளினாவுக்கு அது ஆகாது. அழுத்தம் பட்டால், சூடு ஏறினால், திடீரென்று குளிர் பட்டால்கூட அது கசையிழையைக் கழற்றிப் போட்டுவிடும். செத்துவிடாது, சில மணி நேரத்தில் வேறொன்று முளைக்கும். ஆனால் நாம் பார்க்கிற நேரத்தில் அங்கே கசையிழையே இருக்காது, இல்லாததை எந்த லென்ஸ் காட்டும்? கவர் ஸ்லிப்பின் நாலு மூலையிலும் கடுகளவு வாசலின் வைத்து மெதுவாக இறக்கினால் உள்ளே இடம் கிடைக்கும். பல்பும் சூடாகக் கூடாது.

பத்து எக்ஸில் தேடிப் பிடித்து 45 எக்ஸுக்கு மாற்றினதும் ஐரிஸை மூட ஆரம்பியுங்கள். படம் மங்கும், கோடுகள் கனக்கும், "கெடுத்துட்டோமோ" என்று தோன்றும். அங்கேயே நில்லுங்கள். கசையிழையின் தடிமன் சுமார் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 45 எக்ஸ் லென்ஸில் அதன் ஒளி சேர்க்கும் திறனைச் சொல்லும் எண் 0.65 என்று பொறித்திருக்கும், அந்த லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய எல்லை ஏறக்குறைய 0.4 மைக்ரான். ஆக எல்லைக்குள்தான் இருக்கிறது. நிறம் இல்லாததாலும் தண்ணீரைப் போலவே ஒளியை விடுவதாலும் வெள்ளை வெளிச்சத்தில் கரைந்துபோகிறது. ஓட்டையைச் சுருக்கினால் ஓரங்களில் ஒளி வளைந்து கருப்பும் வெள்ளையுமாக விளிம்பு கட்டும், அதில்தான் அது பிடிபடும். கண்டென்சருக்கு அடியில் பாதியை மறைத்து ஒரு கருப்பு அட்டையைச் செருகினால் வெளிச்சம் சாய்வாக வரும், இன்னும் தெளிவு.

அக்கா மகன் பதினொன்று படிக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரமாக "ஒண்ணையுங் காணலியே மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அட்டையைச் செருகினதும் வாயை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "புஸ்தகத்துல மேல பாத்து நிக்கும், இது பின்னால மடங்கி வருது" என்றான். பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். முன்முனையின் குழியிலிருந்து வெளியே வந்ததும் கசையிழை பக்கவாட்டில் மடங்கி உடம்பை ஒட்டிப் பின்னோக்கிச் சுழல்கிறது. அலை அடியில் கிளம்பி நுனிக்கு ஓடுகிறது. அதன் விளைவாக யூக்ளினா தன் அச்சில் சுற்றிக்கொண்டே, முன்முனை சின்ன வட்டம் போட்டபடி முன்னே போகிறது. அதன் வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்காது. கண் வறட்சிக்கு மருந்துக்கடையில் தருகிற கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு மருந்தை ஒரு துளி கலந்ததும் தண்ணீர் கெட்டிப்பட்டு வேகம் தணிந்தது. ஒரு சதவீதச் சொட்டு மருந்து 0.5 சதவீதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. இசப்கோல் ஊறவைத்த வழுவழுப்பையும் போட்டுப் பார்த்தேன், தூசியும் தோலும்தான் அதிகம்.

புத்தகத்தில் "இரண்டு கசையிழைகள்" என்று போட்டிருப்பதும் சரிதான், வெளியே தெரிவது ஒன்று என்பதும் சரிதான். மற்றொன்று குட்டையானது, குழியை விட்டு வெளியே வருவதே இல்லை. அந்தக் குட்டை இழை நீள இழையைத் தொட்டுக்கொண்டு கிடப்பதால், பழைய விலங்கியல் புத்தகங்களில் ஒரே கசையிழைக்கு அடி இரண்டாகப் பிளந்திருப்பதாக எழுதியிருப்பார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகு அந்தக் கணக்குத் தீர்ந்தது. உள்ளமைப்பு நம் வீட்டு மைக்ராஸ்கோப்பில் தெரியாது, ஆனாலும் தெரிந்துகொண்டு பார்த்தால் சுவாரசியம். நடுவில் இரண்டு, சுற்றி ஒன்பது ஜோடி என்று நுண்குழல்கள், நம் மூச்சுக்குழாயில் அடிக்கிற பிசிர்களில் உள்ள அதே ஏற்பாடு. யூக்ளினா அதோடு பக்கத்தில் ஒரு புரதத் தண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது, வெளியே ஒரு பக்கமாக நுண்மயிர் வரிசை வேறு. அந்தப் புரதத் தண்டு இன்னொரு கூட்டத்துக்கும் உண்டு: ஆப்பிரிக்கத் தூக்கநோயைத் தருகிற டிரிப்பனோசோமா, காலா அசார் என்ற காய்ச்சலைத் தருகிற லீஷ்மேனியா. மூன்றும் ஒரே குலம். தொழுப் பள்ளத்தில் பச்சையாகத் திரிகிறதன் பங்காளி ஒருத்தன் மணல் ஈ மூலமாக மனிதனுக்குள் போகிறான் என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள்.

துளி காயக் காய யூக்ளினா நீந்துவதை விட்டுவிடும். உடம்பு ஒரு பக்கம் வீங்கி, வீக்கம் பின்னாலே போய், மறுபடி முன்னே வந்து, ஒரு நேரம் உருண்டை, ஒரு நேரம் நீளம் என்று நெளிய ஆரம்பிக்கும். கசையிழையைக் காணாத கடுப்பை இதுவே தீர்த்துவிடும், அவ்வளவு நேரம் பார்க்கலாம். இதற்குச் செல்லுலோஸ் சுவர் கிடையாது. செல் சவ்வுக்கு உள்ளே புரதப் பட்டைகள் சாய்வாகச் சுற்றி ஓடுகின்றன. கடை ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தகடுகளின் ஓரம் வளைந்து அடுத்த தகட்டின் ஓரத்தில் மாட்டியிருக்கும், கழன்று வராது, ஆனால் நீளவாக்கில் வழுக்கும், அப்படி வழுக்காமல் இருக்கத்தான் ஷட்டர்காரர் முனையில் அடைப்பு அடிப்பார். யூக்ளினாவுக்கு அந்த அடைப்பு இல்லை. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால்தான் உடம்பு இத்தனை வடிவம் எடுக்கிறது. வெளிச்சத்தை நன்றாகச் சாய்த்து மேற்பரப்பில் ஃபோகஸ் வைத்தால் பெரிய யூக்ளினாக்களின் மேல் அந்தச் சாய்வுக் கோடுகளையே பார்த்துவிடலாம். அதே பாட்டிலில் ஃபேக்கஸ் என்ற இனமும் கிடைத்தது. தட்டையாக, பின்னால் ஒரு முள்ளோடு. அதன் பட்டைகள் நகராது, அதனால் நெளியவும் நெளியாது.

கண்புள்ளியைத் தேட வேண்டியதில்லை, ஆரஞ்சும் சிவப்புமாகப் பளிச்சென்று இருக்கும். பெயர் கண் என்றாலும் பார்க்கிற வேலை அதனுடையது இல்லை. ஒளியை உணர்வது நீளக் கசையிழையின் அடியில் உள்ள ஒரு சின்னப் புடைப்பு. கண்புள்ளி வெறும் கரோட்டினாய்டு நிறமித் துளிகள், நிழல் போடுவதுதான் அதன் பங்கு. உடம்பு சுற்றிக்கொண்டே போவதால் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை புடைப்பின் மேல் நிழல் விழும், அதை வைத்துத் திசையைத் திருத்திக்கொள்ளும். அந்தப் புடைப்பில் உள்ள ஒளியுணர் புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் அடையாளம் கண்டார்கள். நீல ஒளி பட்டால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞைப் பொருளை உண்டாக்குகிற நொதி அது. நீல ஒளிக்குத்தான் வேலை செய்யும் என்பதால் ஒரு சோதனை செய்யலாம். சார்ட் தாளின் பிளவில் சிவப்புச் செல்லோஃபேன் ஒட்டினேன், பச்சைக் கோடு உருவாகவில்லை. நீலத்தை ஒட்டினதும் வந்தது. நேர் வெயிலில் வைத்தால் நீலமும் வேண்டாம் எதுவும் வேண்டாம் என்று பிளவை விட்டு விலகிப் போகின்றன.

கண்புள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு தெளிந்த குமிழ் மெல்லப் பெருத்துச் சட்டென்று மறையும், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை போல. சுருங்கும் குமிழ். நன்னீர் உள்ளே புகுந்துகொண்டே இருப்பதால் அதை இறைத்துக் கசையிழைக் குழிக்குள் கொட்டுகிற ஏற்பாடு. ஓரத்தில் ஒரு கல் உப்பைக் கரைத்து விட்டால் குமிழின் வேகம் குறைவது தெரியும். அளவாக விடுங்கள்.

கடைசியில் அயோடின். லேப் சாமான் கடையில் லுகால் கரைசல் என்ற அயோடின் கரைசல் சின்னப் பாட்டில் கிடைக்கும். கவர் ஸ்லிப் ஓரத்தில் ஒரு துளி விட்டு எதிர் ஓரத்தில் தாளால் உறிஞ்சினால் உள்ளே பரவும். யூக்ளினா செத்து நிற்கும், கசையிழை பழுப்பேறி அசையாமல் கிடக்கும், நிதானமாக வரைந்துகொள்ளலாம். ரெக்கார்டு நோட்டுக்கு இதுதான் வசதி. அதே துளியில் வேறொன்றும் பார்க்கலாம். உடம்புக்குள் பளபளவென்று குச்சியும் வில்லையுமாகக் கிடக்கிற சேமிப்பு மணிகள் நீலமாகவே மாறாது. பக்கத்தில் தற்செயலாகக் கிடந்த வேறு பச்சைப் பாசிச் செல்களுக்குள் கருநீலம் ஏறியிருந்தது, சோதனைக்கு விட்ட அரிசி களைந்த தண்ணீரும் நீலமானது. யூக்ளினா சேமிப்பது ஸ்டார்ச் இல்லை, பாராமைலான். இரண்டும் குளுக்கோஸ் சங்கிலிதான், கோர்வை வேறு, அயோடின் உள்ளே உட்கார இடம் கிடைப்பதில்லை. இன்னொரு பச்சைப் பாசியை விழுங்கித்தான் இந்தக் குலம் பசுங்கணிகத்தைப் பெற்றது. அதனால்தான் அதன் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு சவ்வுக்குப் பதில் மூன்று. வாங்கின அடுப்பு பாசியுடையது, சமைத்ததை எடுத்துவைக்கிற பாத்திரம் தன்னுடையது.

பாட்டில் பழசானால் அடியில் பெரானிமா வந்துவிடுகிறது. இதுவும் யூக்ளினாவின் சொந்தம், ஆனால் நிறமில்லாதது, வேட்டையாடிப் பிழைப்பது. கசையிழை பார்க்க ஆசைப்பட்டுப் பார்க்க முடியாமல் போனவர்கள் முதலில் இதைத்தான் பிடிக்க வேண்டும். தடிமனான கசையிழையை நேரே முன்னால் நீட்டிக்கொண்டு, நுனியை மட்டும் ஆட்டியபடி நிதானமாக வழுக்கிப் போகும். ஐரிஸை முக்கால்வாசி மூடினாலே போதும், அட்டை தேவையில்லை. ஆனால் பெருக விட்டால் யூக்ளினாவையே விழுங்கிவிடும். புதுப் பாட்டிலுக்கு மாற்றும்போது அடி மண்ணைக் கலக்காமல், வெளிச்சப் பக்கத்துக் கண்ணாடியை ஒட்டி மேலாக உறிஞ்சினால் அது கூட வராது. நான் பட்டாணி முழுக்கக் கரைந்ததும் மாற்றிவிடுகிறேன்.